கோவாவும் நெஞ்சும்: விற்பவன் சொல்லக் கூடியதும் கூடாததும்

வியாபார நண்பர்களே, சென்ற மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் கொழும்பிலிருந்து மலைநாட்டு மரக்கறி கொள்வனவு செய்பவர். மற்றவர் நுவரெலியாவில் புதிதாகக் கடை போட்டிருக்கும் இளைஞர். புரொக்கோலியும் கோவாவும் நுரையீரலுக்கு நல்லது என்று வெளிநாடுகளில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம், அதைப் பொதியில் அச்சடித்துப் போட்டால் விற்பனை கூடாதா என்பதுதான் கேள்வி. கூடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நானே அப்படி ஒரு போர்ட் போட்டு விற்றவன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

2021ஆம் ஆண்டு, கொரோனாவின் நடுப்பகுதி. ஹட்டனில் என் மரக்கறிக் கடையில் சரக்கு தேங்கிக் கிடந்தது. ஊரடங்கு வரும், போகும். லொறி வந்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் லொறி இல்லை. அந்த நாட்களில் மக்கள் எதையும் நம்பத் தயாராக இருந்தார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று ஏற்பட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரித்துவிட்டு நான் செய்தது என்ன? யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை வைத்துக் கொண்டு, கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: "நெஞ்சுச் சளிக்கும் தொய்வுக்கும் மலைநாட்டுக் கோவா, நோக்கோல், புரொக்கோலி சிறந்த மருந்து."

கோவா நன்றாகவே ஓடியது. இரண்டு கிழமை கழித்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் வயதான அம்மா ஒருவர் படியேறி வந்தார். மூன்று படிதான். ஏறியதும் தூணைப் பிடித்துக் கொண்டு நின்றுவிட்டார். மூச்சு இழுக்கும் சத்தம் கல்லாப் பெட்டி வரை கேட்டது.

"மொதலாளி, கோவா தின்னா பம்பு அடிக்கத் தேவல்லேன்னு போட்டிருக்கீங்களாமே, நெசமா? பேரப்புள்ள வாசிச்சுச் சொல்லுச்சு. நானும் ஒரு வாரமா பம்ப வச்சிட்டேன். ஆனா முட்டு கொறையலியே?"

"பம்ப் தேவையில்லை" என்று நான் எழுதவில்லைதான். ஆனால் "மருந்து" என்று எழுதியிருந்தேன். மருந்து என்றால் அந்த அம்மா வேறெப்படி விளங்கிக் கொள்வார்? கையில் காசு இல்லாதவருக்கு, கிளினிக்குக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியவருக்கு, கோவா போதும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அல்ஹம்துலில்லாஹ், நான்கு நாளில் தேறி வீட்டுக்குப் போனார். அன்று பின்னேரமே போர்டைக் கழற்றினேன்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் எல்லோரும் ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். மழையில் நனைந்ததை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே வைத்திருந்தார் அந்த வியாபாரி. எனது கோவாவில் ஈரம் இல்லை. போர்டில்தான் ஈரம் இருந்தது.

அதற்குப் பிறகு இந்த விடயத்தில் உண்மை எவ்வளவு என்று அறிய ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடப் படிப்புடன் நின்றவன் நான். தெரிந்த டொக்டர் ஒருவரும் விவசாயத் துறையில் இருக்கும் மருமகனும் விளங்கப்படுத்தியதை என் பாஷையில் தருகிறேன்.

நமது சுவாசக் குழாயின் உட்சுவரில் மெல்லிய சளிப் படலம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே பிசிர் எனப்படும் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் மேல்நோக்கி வீசிக் கொண்டே இருக்கின்றன. தூசி, புகை, கிருமி எல்லாம் சளியில் ஒட்டிக் கொள்ளும். பிசிர் அதை மேலே தள்ளும். நாம் செருமி விழுங்கி விடுவோம் அல்லது துப்பி விடுவோம். இது வெளிக்காவல். உள்ளே கலங்களுக்குள் இன்னொரு காவல் உண்டு. புகையோடு வரும் நச்சுப் பொருட்களை உடைத்துச் சிறுநீர் வழியாக வெளியேற்ற உதவும் நொதியங்கள் அவை. இவற்றை வேலைக்கு அழைக்கும் தலைமைக் காவலாளிக்கு என்.ஆர்.எஃப் 2 என்று பெயர். சாதாரண நேரத்தில் இந்தக் காவலாளியை இன்னொரு புரதம் கட்டிப் போட்டிருக்கும். ஆபத்து வந்தால்தான் கட்டு அவிழும்.

கோவா, புரொக்கோலி, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றை வெட்டும்போது அல்லது மெல்லும்போது ஒரு காரமான கந்தக வாடை வரும் அல்லவா? பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. செடிக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, புதுப் பொருள் உண்டாகிறது. புரொக்கோலியில் அப்படி உண்டாவது சல்ஃபொரஃபேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் டலாலே என்ற பேராசிரியரின் குழுவினர் 1992இல் இதைப் புரொக்கோலியிலிருந்து பிரித்தெடுத்து, காவல் நொதியங்களைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். பூச்சிக்கு நஞ்சு, நமது கலத்துக்கோ மெல்லத் தட்டி எழுப்பும் கை. அந்தச் சிறு தொந்தரவினால்தான் காவலாளியின் கட்டு அவிழ்கிறது. 1997இல் அதே குழுவினர், மூன்று நாள் முளையில் முற்றிய பூவை விடப் பல மடங்கு இருப்பதாகக் கண்டார்கள். ஆகவே பின்னால் வந்த பரிசோதனைகள் பெரும்பாலும் முளையைக் கொண்டே நடந்தன. இந்த இடத்தை வியாபாரிகள் அடிக்கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள். முளைச் சாற்றுக்குக் கிடைத்த பலனைக் கோவாக் கறியின் தலையில் கட்ட முடியாது.

மனிதரிடம் என்ன நடந்தது? 2009இல் கலிபோர்னியாவில் 65 பேருக்கு மூன்று நாள் முளைச் சாறு கொடுத்து, மூக்கைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தார்கள். அளவு கூடக் கூடக் காவல் நொதியங்களும் கூடின. 2014இல் 29 பேருக்கு மூக்கில் டீசல் புகைத் துகள்களைச் செலுத்திப் பார்த்தபோது, முளைச் சாறு எடுத்த பின் மூக்கின் அழற்சி குறைந்திருந்தது. அதே 2014இல் சீனாவில் காற்று மாசு மிகுந்த சிடோங் பகுதியில் 291 பேரைக் கொண்டு 12 வாரப் பரிசோதனை ஒன்றின் முடிவு வந்தது. முளைப் பானம் குடித்தவர்களின் உடல், பென்சீன் கழிவை 61 வீதமும் அக்ரோலின் கழிவை 23 வீதமும் கூடுதலாகச் சிறுநீரில் வெளியேற்றியது. பென்சீன் வாகனப் புகையில் உள்ளது. அக்ரோலின் விறகுப் புகையிலும் சிகரெட் புகையிலும் கருகும் எண்ணெயிலும் உள்ளது. லயக் காம்பராக்களின் குசினியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தோடு நிறுத்தினால் போர்டைத் திரும்ப மாட்டி விடலாம் போலிருக்கும். ஆனால் 2016இல் வந்த இரண்டு ஆராய்ச்சிகளையும் சொல்ல வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 89 பேருக்கு நான்கு கிழமை சல்ஃபொரஃபேன் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு மூன்று நாள் முளை கொடுத்தார்கள். மூச்சு இலேசாகவில்லை. அதாவது, ஆரோக்கியமானவரின் காவலாளியை எழுப்ப உதவலாம். ஏற்கெனவே நோயில் விழுந்தவரை அது தூக்கி விட்டதாக அந்தச் சோதனைகளில் தெரியவில்லை. என் போர்டோ நோயாளியைத்தான் கூப்பிட்டது!

2023இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார் 'நேச்சர்' சஞ்சிகையில் இன்னொரு செய்தி வெளியிட்டார்கள். நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஏ.எச்.ஆர் என்ற ஒரு புரதம் இருக்கிறது. கோவாக் குடும்பத்து மரக்கறிகள் சமிபாடடையும்போது வரும் பொருட்கள் அதை இயக்குகின்றன. அப்படிப்பட்ட உணவு கொடுத்த எலிகளுக்கு இன்புளுவென்சா வந்தபோது, சுவர் உறுதியாக நின்றதால் காற்றறைகளுக்குள் இரத்தமும் நீரும் கசிவது குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் எலி. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. காய்ச்சல் வந்த எலிகள் சாப்பாட்டைக் குறைத்ததால் அந்தப் பாதுகாப்பும் குறைந்ததாம். காய்ச்சல்காரருக்குக் கஞ்சியும் மரக்கறி சூப்பும் வற்புறுத்திக் கொடுத்த நமது உம்மாமார் ஏதோ தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

சிலர் கேட்பார்கள், மரக்கறியில் இருப்பதைக் குளிசையாகக் கொடுத்தால் என்ன, எடை குறைவு, அழுகாது, இலாபமும் அதிகம் என்று. கரட்டின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். கரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டீன் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எண்ணி, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் குளிசை. 1994இல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலும் இதே போன்ற ஒரு பரிசோதனையை 1996இல் இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. கரட் அதே கரட்தான், தின்றவருக்கு ஒரு தீங்கும் இல்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துப் பெருமளவில் கொடுத்ததுதான் பிழைத்தது. இதனால்தான் சல்ஃபொரஃபேன் குளிசை இறக்குமதி செய்யலாமா என்று கேட்ட நண்பருக்கு என் கையைக் காட்டி விட்டேன்.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். போர்ட் எழுதாமலே வியாபாரி செய்யக் கூடியது நிறைய உண்டு.

நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் அங்கே குடியேறி ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை அமைத்தார். ஐரோப்பிய மரக்கறி மலையில் நன்றாக வளரும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. இன்று கந்தப்பளை, ராகலை, வெலிமடை, கெப்பெட்டிபொல என்று பரந்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி லீக்ஸ், ஒரு பாத்தி கோவா போட்டு நமக்குக் கொண்டு வந்து விற்கும் தோட்டத்துக் குடும்பங்களும் இதில் பங்காளிகள். அந்தக் குளிரில் வளர்ந்ததை வெட்டி, வெயிலில் குவித்து, சாக்கில் அடைத்து, மிதித்து ஏற்றி, கொழும்பின் 28 பாகை வெக்கைக்குள் இறக்குகிறோம். புரொக்கோலியை 20 பாகையில் வைத்தாலே சில நாட்களில் அந்தக் கந்தகச் சத்தில் பாதியளவு போய்விடுவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மஞ்சளாகும் முன்பே உள்ளே கரைந்து விடுகிறது. இறுக்கிக் கட்டிய கோவா கொஞ்சம் தாங்கும், புரொக்கோலி தாங்காது. 2011 கடைசியில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது தம்புள்ளையில் வியாபாரிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கூடையின் விலையும், லொறியில் பிடிக்கும் இடமும், திரும்பி வரும் வெற்றுக் கூடையின் செலவும் நியாயமான முறைப்பாடுகள்தான். நானும் அப்போது எதிர்த்தவன். இன்று கோவாவுக்கும் புரொக்கோலிக்கும் மட்டுமாவது கூடை பாவிக்கிறேன். நசுங்கி எறிவது குறைந்ததிலேயே கூடைக் காசு வந்துவிட்டது. விடியற்காலை வெட்டு, நிழலில் வை, ஈரத்தோடு ஏற்றாதே. இவ்வளவுதான் என் ஏற்பாடு.

அடுத்தது சமையல். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் திரும்ப வருவார்கள். வெட்டியதும் கலக்கும் இரண்டு பொருட்களில் ஒன்று நொதியம் என்றேன் அல்லவா? சூடு அதைக் கொன்று விடும். வெட்டிய கோவாவை உடனே கொதி நீரில் போட்டால், புதுப் பொருள் உண்டாகும் முன்பே கதை முடிந்து விடுகிறது. மிச்சச் சத்து வடித்த தண்ணீரோடு போகிறது. ஆகவே நறுக்கி அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கடைகளில் வரும் உறையவைத்த புரொக்கோலியை உறைய வைக்கும் முன் வெந்நீரில் முக்கி எடுப்பதால் அதில் நொதியம் பெரும்பாலும் இல்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெந்த 200 கிராம் புரொக்கோலியில் ஒரு கிராம் கடுகுத் தூளைத் தூவிச் சாப்பிட்டவர்களின் உடலில் நான்கு மடங்குக்கு மேல் சல்ஃபொரஃபேன் சேர்ந்தது தெரிந்தது. கடுகிலும் அதே நொதியம் உண்டு என்பதுதான் காரணம். ஆனால் எண்ணெயில் வெடிக்க விட்ட கடுகு இதற்கு உதவாது. பச்சைக் கடுகை இடித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் தூவ வேண்டும். மலே அச்சாறுக்கு அரைத்த கடுகு போட்டுப் பழகிய நமது வீடுகளுக்கு இது பெரிய காரியமா?

சிங்களவர் மல்லும் என்றும் நாம் சுண்டல் என்றும் சொல்லும் முறையில், பொடியாக அரிந்து தேங்காய்ப் பூ போட்டுச் சட்டியில் இரண்டு பிரட்டு பிரட்டி இறக்குவது இந்தக் கணக்குக்கு மிகவும் ஒத்துப் போகிறது. அரியும் முன் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மலைநாட்டு மரக்கறிக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குளிசை எடுப்பவர்கள் இலை மரக்கறியைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, டொக்டரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது பழமும் மரக்கறியுமாக ஒரு நாளைக்கு 400 கிராம். நம்மில் எத்தனை பேர் பாதியாவது சாப்பிடுகிறோம்? பிரியாணிச் சகனில் அச்சாறு ஒரு கரண்டிதான்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் காஸ் தட்டுப்பாட்டில் டவுனில் இருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். தோட்டத்திலோ பலர் விறகை விட்டதே இல்லை. ஜன்னல் இல்லாத குசினியில் பச்சை விறகு எரிப்பவர் எத்தனை கோவா தின்றாலும் அந்தப் புகையோடு போட்டி போட முடியாது. விறகை மிச்சம் பிடிக்கும் அனகி மண் அடுப்பு நம் நாட்டில் பல காலமாக இருக்கிறது. குயவர்கள் செய்கிறார்கள், இலாபம் சிறிது, உடையும் பயம் உண்டு. இருந்தும் இப்போது என் கடை மூலையில் நான்கைந்து எப்போதும் இருக்கும். காய்ந்த விறகைப் பாவியுங்கள், கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாடிக்கையாளரைப் பிழையாக வழிநடத்துவதைத் தடுக்கின்றன. பொதியில் நோய் குணமாகும் என்று அச்சடித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்க உரிமை உண்டு. நுவரெலியா இளைஞரிடம் இதைச் சொன்னேன். அப்படியென்றால் என்னதான் எழுதுவது நாநா என்று கேட்டார். எந்த ஊரில் விளைந்தது, என்றைக்கு வெட்டியது, எப்படிச் சமைப்பது. இந்த மூன்றையும் எழுதுங்கள் தம்பி, மூன்றும் உண்மையாக இருக்கட்டும் என்றேன். கொழும்பு நண்பர் வெட்டிய திகதி போடுவது கஷ்டம் என்று முணுமுணுத்தார். அவருடைய சரக்கு எத்தனை நாள் பழசு என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தோட்டத்து அம்மா இன்னும் வருகிறார். கிளினிக்கில் கொடுக்கும் இரண்டு பம்புகளில், தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பைத்தான் அவர் நிறுத்தியிருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அடித்தவுடன் சுகம் தெரியாததால் பலர் அதைத்தான் முதலில் விடுகிறார்கள் என்று டொக்டர் சொன்னார். இப்போது அவர் சாமான் வாங்க வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "அடிச்சிட்டேன் மொதலாளி, காலயில ரெண்டு தரம்" என்பார். பிறகு கோவாவைத் தூக்கிக் கனம் பார்ப்பார், விலையில் பேரம் பேசுவார். கடை வாசலில் இப்போது சிறிய கரும்பலகை ஒன்று தொங்குகிறது. அதில் சோக்கினால் எழுதுவது இவ்வளவுதான்: "கந்தப்பளைக் கோவா, இன்று காலை வெட்டியது. கடுகுத் தூள் உள்ளே உண்டு."